நம்மட ஆக்களுக்கு கொம்பியூட்டர் ஹார்ட்வெயார் வழிகாட்டி எழுதப் போறீங்களா? இப்பிடித் தொடங்குங்க

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கொம்பியூட்டர் சாமானப் பத்தி நல்லாத் தெரிஞ்ச பொடியனுகள், புள்ளைகள் இப்ப கனபேர் இரிக்காங்க, சொந்தக்காரங்களும் கூட்டாளிமாரும் என்ன பிரச்சினை வந்தாலும் அவங்களுக்குத்தான் கோல் எடுப்பாங்க, அவங்களும் அலுப்பில்லாம ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வொய்ஸ் போட்டு விளங்கப்படுத்துவாங்க. அத ஒருக்கா ஒழுங்கா எழுதி வச்சா எத்தினையோ பேருக்கு உதவும் எண்டு நினைக்கிறவங்களுக்குத்தான் இது. எழுதத் தொடங்குறவங்க பெரும்பாலும் "சீபீயூ எண்டா என்ன, ராம் எண்டா என்ன" எண்டு ஸ்கூல் நோட்ஸ் மாதிரித் தொடங்கிடுறாங்க, வாசிக்கிற ஆள் ரெண்டாவது பந்தியிலயே விட்டுட்டுப் போயிடுறார், ஏனெண்டா அவருக்கு வேண்டினது அதில்ல. கையில உள்ள காசு பிழையான சாமானுக்குப் போயிடக் கூடாது, அதான் அவருக்கு வேணும்.

அதால என்ர கணக்குல வழிகாட்டியோட முதல் வேல, வாசிக்கிறவர் காசு குடுக்க முன்ன அவர்ட மெஷின்ல என்ன இரிக்கு எண்டு அவரையே பாக்க வைக்கிறது. நம்மளுக்கு இது கூடுதலா முக்கியம். கொழும்புல உள்ளவர் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுல பிழையான ராம (மெஷின் வேல செய்யக்குள்ள பாவிக்கிற மெமரித் துண்டு) வாங்கினா அண்டைக்கே திரும்பிப் போய் மாத்தலாம். கல்முனையில, வாழைச்சேனையில, அக்கரைப்பற்றுல இரிக்கிறவர் 300 கிலோமீட்டர் அளவுல தள்ளி உள்ள கடைக்குத் திருப்பி அனுப்பணும், கூரியர் காசு, போய் வாற நாள், கடைக்காரரோட கதை எண்டு ஒரு சின்ன ராம் துண்டுக்கு ரெண்டு கிழமை போயிடும். ஏ/எல் படிக்கிற புள்ளைக்கோ போட்டோகொப்பி, பிரின்ட் எடுத்துக் குடுக்கிற கொமினிகேஷன் கடை வச்சிரிக்கிறவருக்கோ அந்த ரெண்டு கிழமை லேசில்ல.

முதல்ல கேள்வியச் சேருங்க

எழுதத் தொடங்க முன்ன, உங்களுக்கிட்ட வாற கேள்விகள அவங்க கேட்ட மாதிரியே ஒரு இடத்துல எழுதி வச்சிட்டு வாங்க. "மெஷின் ஓன் ஆகுது ஆனா ஸ்க்ரீன்ல ஒண்டும் வருதில்ல", "லெப்டொப் சுத்திக்கிட்டே இரிக்கி", "எங்கட மெஷினுக்கு விண்டோஸ் 11 போகுமா", "மகளுக்கு யுனிவர்சிட்டிக்கு என்ன லெப்டொப் எடுக்கிற", இப்பிடித்தான் வரும். திருத்தி எழுதாதீங்க. "சேமிப்பகத்தின் வேகக் குறைபாடு" எண்டு தலைப்பு வச்சா "சுத்துது" எண்டு தேடுற ஆளுக்கு அது கண்ணுல படாது. உங்கட ஊர் ரிப்பெயார் கடைக்காரர்ட்டயும் ஒருக்கா கேளுங்க, கிழமையில கூடுதலா வாற பிரச்சினை என்ன எண்டு. அவருக்குத் தெரிஞ்ச அளவு நம்மளுக்குத் தெரியாது, அவரும் சந்தோசமாச் சொல்லுவார், ஒரே விசயத்த நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போன ஆள் அவர்.

கேள்வி சேர்ந்தத்துக்குப் பொறகு எத முதல்ல எழுதுற? கன ஆக்கள் கேக்கிறது ஒண்டு, பிழைச்சா கூடுதலாக் காசு போறது ஒண்டு. ரெண்டுலயும் விழுற கேள்வியத்தான் முதல்ல எடுக்கணும். ராம் கூட்டுறது, ஹார்ட் டிஸ்க்க எடுத்துட்டு எஸ்எஸ்டி (சுத்துற தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போடுறது, செக்கன் ஹேண்ட் மெஷின் வாங்குறது, இந்த மூண்டும் கட்டாயம் மேல வரும். ஆர்ஜீபி லைட், லிக்குயிட் கூலர் எல்லாம் பொறகு பாக்கலாம், அதக் கேக்கிற பொடியன் எப்பிடியும் வீடியோ பாத்துத் தேடிப் புடிச்சிடுவான்.

ஒரு வழிகாட்டிக்கு ஒரு முடிவு

"எஸ்எஸ்டி பத்தின முழு விளக்கம்" எண்டு எழுதாதீங்க. "என்ர லெப்டொப்புக்கு எந்த எஸ்எஸ்டி போகும்" எண்டு எழுதுங்க. வாசிச்சு முடிக்கக்குள்ள அவர்ட கையில ஒரு பதில் இரிக்கணும், கடைக்காரருக்கு அத அப்பிடியே மெசேஜ் பண்ணக்கூடிய மாதிரி. எழுதிட்டுப் போகப் போக ரெண்டாவது முடிவு ஒண்டு தலைய நீட்டும், உதாரணத்துக்கு எஸ்எஸ்டி போட்டத்துக்குப் பொறகு பழைய டிஸ்க்க என்ன செய்ற எண்டு, அதத் தனியா எடுத்து வைங்க, அது வேற வழிகாட்டி.

"முதல்ல இதப் பாருங்க" பகுதி

வாசிக்கிறவர அவர்ட மெஷினப் பாக்க வைக்கிற இந்தப் பகுதிக்குத்தான் கூடுதலா மெனக்கெடணும். ராம் வழிகாட்டிய எடுத்து எப்பிடிச் செய்ற எண்டு காட்டுறன்.

லெப்டொப்ப ஓன் பண்ணி கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூண்டையும் ஒண்டா அமத்தச் சொல்லுங்க. டாஸ்க் மேனேஜர் வரும், அதுல பெர்ஃபோமன்ஸ், அதுக்குள்ள மெமரி. வலப்பக்கம் கீழ மூண்டு விசயம் இரிக்கும். ஸ்பீட் எவ்வளவு, ஸ்லொட் (ராம் ஏத்துற இடம்) எத்தின இரிக்கு அதுல எத்தின பாவிச்சிரிக்கு, ஃபோர்ம் ஃபெக்டர் (ராமோட வடிவம்) என்ன. ஃபோர்ம் ஃபெக்டர்ல "எஸ்ஓ டிம்" எண்டு இரிந்தா கழட்டி மாத்தக்கூடிய லெப்டொப் ராம். "ரோ ஒஃப் சிப்ஸ்" எண்டு இரிந்தா ராம் மதர்போர்ட்டுலயே ஈயம் வச்சு ஒட்டினது, ஸ்லொட் ரெண்டு எண்டு காட்டினாலும் நம்பிக் காசு குடுக்க வேணாம், மொடல் நம்பர வச்சுத் தேடித்தான் முடிவெடுக்கணும். இந்த ஒரு வரிய எழுதினாலே எத்தினையோ பேர்ட காசு மிஞ்சும், மெல்லிசான புது லெப்டொப்புகள்ல இது கனக்க வருது.

அடுத்தது ஸ்பீட். 1600 அல்லது அதுக்குக் கீழ எண்டா பெரும்பாலும் டிடிஆர்3, 2133ல இருந்து 3200 வரைக்கும் டிடிஆர்4, 4800ம் அதுக்கு மேலயும் டிடிஆர்5. இந்த மூண்டு ராம் வகையும் ஒண்டுக்குப் பதிலா ஒண்டு போகாது, துண்டோட கீழ உள்ள வெட்டு வேற வேற இடத்துல இரிக்கு, அழுத்தி ஏத்தப் பாத்தா ஸ்லொட்டுதான் உடையும். டிடிஆர்3க்குள்ளயும் ஒரு விசயம் இரிக்கு, 1.5 வோல்ட் ஒண்டு, 1.35 வோல்ட் உள்ள டிடிஆர்3எல் ஒண்டு. நாலாம் ஜெனரேஷன் இன்டெல் லெப்டொப்புகளுக்கு அந்த எல் உள்ளதத்தான் தேடி எடுக்கணும். வேற வேற ஸ்பீட் ரெண்டப் போட்டா ரெண்டும் குறைஞ்ச ஸ்பீட்டுக்கு இறங்கி ஓடும், அதால பழுதில்ல, ஆனா கூட ஸ்பீட் எண்டு காசு கூடக் குடுத்து வாங்கிறதுல பிரயோசனமும் இல்ல. இதையும் எழுதுங்க.

இனி அவர் கடைக்கு அனுப்ப வேண்டிய மெசேஜ நீங்களே எழுதிக் குடுங்க: "லெப்டொப் ராம், டிடிஆர்4, 8 ஜிபி, 2666, ஒரு துண்டு." இடைவெளி விட்டு அவர் நம்பர மாத்திப் போடக்கூடிய மாதிரி. என்னைக் கேட்டா முழு வழிகாட்டியிலயும் கூடுதலாப் பிரயோசனப்படுற வரி அதான், ஏனெண்டா கடையில நிண்டு கதைக்கிறத்துக்குக் கூச்சப்படுற ஆக்கள் கனபேர் இரிக்காங்க, பொம்புளப்புள்ளைகளும் வயசான ஆக்களும் கடைக்காரர் ரெண்டு கேள்வி திருப்பிக் கேட்டா "சரி நீங்களே ஒண்டு தாங்க" எண்டு சொல்லிட்டு வந்துடுவாங்க.

பொருந்தும், ஆனா வேல செய்யாது

ஹார்ட்வெயார்ல ஆக்கள் கூடுதலா ஏமார்ற இடம் இதான். ஏறாத சாமான் எண்டா அந்த இடத்துலயே தெரிஞ்சிடும். ஏறிட்டு வேல செய்யாத சாமான்தான் தலையிடி. நீங்க எழுதப்போற ஒவ்வொரு தலைப்புக்கும் இப்பிடி என்ன இரிக்கு எண்டு தேடி முன்னுக்குப் போடுங்க.

ப்ரொசெசர்ல இதுக்கு நல்ல உதாரணம் இன்டெல்ட எல்ஜீஏ 1151 சொக்கெட் (ப்ரொசெசர் உக்காருற இடம்). ஆறாம், ஏழாம் ஜெனரேஷனும் அதான், எட்டாம், ஒன்பதாம் ஜெனரேஷனும் அதான், பேர் ஒண்டு, ஆனா எச்110 மதர்போர்ட்டுல ஆறாம் ஜெனரேஷன் ஐ5 6500 ஓடிக்கிட்டு இரிந்த ஆள் எட்டாம் ஜெனரேஷன் ஐ5 8400 வாங்கிப் போட்டா சாமான் அழகா உக்காரும், மெஷின் எழும்பாது. எட்டாம் ஜெனரேஷனுக்கு எச்310 மாதிரி 300 சீரிஸ் போர்ட் வேணும். "சொக்கெட் பேர் சரியா எண்டு பாருங்க" எண்டு மட்டும் எழுதின வழிகாட்டி அந்த ஆளக் கிடங்குக்குள்ள தள்ளிவிட்ட மாதிரித்தான்.

எம்.2 எண்ட மெல்லிசான துண்டு எஸ்எஸ்டியும் அப்பிடித்தான். துண்டு 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம், அதத்தான் 2280 எண்டு சொல்ற, ஆனா அந்த ஒரே வடிவத்துல சாட்டா, என்விஎம்ஈ எண்டு ரெண்டு இணைப்பு வகையும் வரும். சாட்டா துண்டுல பெரும்பாலும் ரெண்டு வெட்டு, என்விஎம்ஈல ஒண்டு. சில பழைய லெப்டொப்புல அந்த ஸ்லொட் சாட்டாவ மட்டும்தான் எடுக்கும், சிலதுல ஸ்லொட் மாதிரித் தெரியிறது வைஃபை கார்டுக்கு உள்ளது. ஸ்லொட் ஒண்டும் இல்லாட்டி கவலப்பட ஒண்டுமில்ல, ரெண்டரை இஞ்சி சாட்டா எஸ்எஸ்டி ஹார்ட் டிஸ்க் இரிந்த இடத்துலயே போகும், வேகம் செக்கனுக்கு 550 எம்பி அளவுல நிக்கும், பழைய ஹார்ட் டிஸ்க் 100, 150 எண்டு இழுக்கிற இடத்துல அது போதும், நாலஞ்சு வருசம் பழைய மெஷினுக்கு இதவிடக் காசுக்கு வித்தியாசம் தெரியிற வேற வேலயே இல்ல எண்டு நான் சொல்லுவன்.

ஒபிஸ்ல இருந்து கழிச்சு வாற டெல், எச்பி, லெனோவோ டெஸ்க்டொப்புகள் நம்மட பக்கம் நல்லா ஓடுது, விலைக்கு நல்ல சாமானும்தான். ஆனா அதுகள்ல கன மொடலுக்கு பவர் சப்ளை கனெக்டர் நோர்மல் 24 பின் இல்ல, கம்பெனியோட சொந்தக் கனெக்டர். பவர் சப்ளை போனா ஊர்க் கடையில உள்ளத எடுத்து மாட்ட ஏலா. கேம் விளையாட பெரிய கிராபிக்ஸ் கார்ட் போடுவம் எண்டு அத வாங்குற பொடியனுக்கு வாங்க முன்னயே இது தெரிஞ்சிரிக்கணும்.

விண்டோஸ் 11 கேள்விக்கும் இங்கயே இடம் குடுங்க. விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஓட வழமையான சப்போர்ட்ட நிப்பாட்டிட்டு. 11க்கு டீபீஎம் 2.0 (மெஷின்ல உள்ள பாதுகாப்பு வசதி) வேணும், 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், இன்டெல் எண்டா பொதுவா எட்டாம் ஜெனரேஷன்ல இருந்து. செக்கன் ஹேண்ட் மெஷின் வாங்குற ஆளுக்கு ஏழாம் ஜெனரேஷனுக்கும் எட்டுக்கும் விலையில சின்ன வித்தியாசம்தானே எண்டு தோணும், அந்த இடத்துல எட்டப் புடிங்க எண்டு வெளிப்படையா எழுதுங்க. வழிகாட்டி எழுதுறவர் முடிவு சொல்லப் பயப்படக் கூடாது.

நம்மட காத்து, நம்மட கரண்ட்

வெளிநாட்டு வழிகாட்டிகள்ல இல்லாத பகுதி இது, இத நீங்க எழுதாட்டி வேற ஒராளும் எழுதப்போறதில்ல. காத்தான்குடி, கல்லடி, சாய்ந்தமருது எண்டு கடலுக்குக் கிட்ட இரிக்கிற வீடுகள்ல உப்புக் காத்து சாமான உள்ளுக்குள்ளால திண்டுடும். யூஎஸ்பி போர்ட்டோட இரும்பு துருப்பிடிக்கும், ராமோட பித்தளை நிறப் பல்லுல கறுப்பா பச்சையா ஒரு படை பிடிக்கும், ஒரு நாள் காலையில மெஷின் ஓன் ஆகும் ஸ்க்ரீன் வராது. மதர்போர்ட் போயிட்டு எண்டு பயந்து போற ஆக்களுக்கு முதல்ல செய்யச் சொல்ல வேண்டியது: ப்ளக்க கழட்டி, பவர் பட்டன ஒருக்கா அமத்திப் புடிச்சு, கையால கேஸ் இரும்பத் தொட்டுட்டு ராமக் கழட்டி, பென்சில் அழிக்கிற வெள்ள அழிறப்பரால பல்ல மெல்லமா ரெண்டு பக்கமும் தேச்சு, தூளத் துடைச்சுப் போட்டு, டக்கெண்டு சத்தம் வாற மட்டும் திருப்பி அழுத்துறது. ரெண்டு துண்டு இரிந்தா ஒண்டொண்டாப் போட்டுப் பாக்கச் சொல்லுங்க. இதுல சரிவாற மெஷின்கள் நிறைய.

கச்சான் காத்துக் காலத்துல தூசி, சம்மாந்துறை மாதிரி வயல் பக்கத்துல வெள்ளாமை வெட்டுற நேரம் இன்னும் மோசம், ஃபேனுக்கும் ஹீட் சிங்க்குக்கும் (சூட்ட வெளியேத்துற தகடு) நடுவுல பஞ்சு மாதிரி அடைஞ்சிடும். ப்ளோவரால ஊதக்குள்ள ஃபேன் சுத்தாம விரலால புடிச்சுக்கிட்டு ஊதணும் எண்டத மறக்காம எழுதுங்க.

இடி மின்னல். மாரி தொடங்குற முன்ன, ஒக்டோபர் நவம்பர்ல பின்னேரத்துல இடி இறங்கும். சுவிட்ச ஓஃப் பண்ணினா போதும் எண்டு ஆக்கள் நினைக்கிறாங்க, போதாது. ப்ளக்கையே கழட்டணும், அதோட ரவுட்டருக்கு வாற டெலிபோன் வயர், வெளி என்டெனா வயர், மெஷினுக்குப் போற நெட்வேர்க் கேபிள் எல்லாத்தையும் கழட்டணும், கரண்ட் வயரால வராத அடி அதால வரும். ஃபைபர் வயரால கரண்ட் வராது, ஆனா அதோட அடப்டர் ப்ளக்குல இரிக்குதானே.

யூபீஎஸ்ஸ (கரண்ட் போனா கொஞ்ச நேரம் தாங்குற பெட்டரிப் பெட்டி) பத்தித் தனி வழிகாட்டி ஒண்டே எழுதலாம். சுருக்கமா எண்டா 650 வீஏ எண்டது 650 வொட்ஸ் இல்ல, சின்ன யூபீஎஸ்ல அதுட அரைவாசிக்குக் கொஞ்சம் மேலதான் வரும், பெட்டியில எழுதியிரிக்கும் பாக்கச் சொல்லுங்க. அது வேலய சேவ் பண்ணி ஷட் டவுன் பண்ணுறத்துக்குத்தான், கரண்ட் இல்லாம ஒரு மணித்தியாலம் படம் பாக்கிறத்துக்கில்ல. லேசர் பிரின்டர அதுல குத்தவே கூடாது, சூடேறக்குள்ள அது இழுக்கிற இழுவைக்கு யூபீஎஸ் தாங்காது, கொமினிகேஷன் கடைகளுக்கு இதக் கட்டாயம் சொல்லணும். உள்ள இரிக்கிற 12 வோல்ட் பெட்டரி ரெண்டு மூண்டு வருசத்துல மாத்துற சாமான், யூபீஎஸ்ஸ குப்பையில போடத் தேவல்ல. இதோட எர்த். கேஸத் தொட்டா சுள்ளெண்டு அடிக்குது எண்டு ஒராள் சொன்னா செருப்புப் போட்டுட்டுத் தொடுங்க எண்டு பதில் எழுதாதீங்க, வீட்டு எர்த்த எலக்ட்ரீசியன வச்சுப் பாக்கச் சொல்லுங்க.

எங்க நிப்பாட்டணும் எண்டும் எழுதணும்

நீங்க எழுதுறத நம்பி 14 வயசுப் புள்ளையும் ஸ்க்ரூ டிரைவர எடுக்கும். அதால சில இடத்துல "இதுக்கு மேல நீங்க செய்ய வேணாம், கடைக்குக் குடுங்க" எண்டு தெளிவா, எழுத்தப் பெருசாக்கிப் போடணும். பவர் சப்ளை பெட்டிய ஒருக்காலும் திறக்கக் கூடாது, ப்ளக்கக் கழட்டினத்துக்குப் பொறகும் உள்ள கரண்ட் நிக்கும். லெப்டொப் பெட்டரி வீங்கி, டச்பேட் மேல எழும்பி நிண்டா சார்ஜ் போடாம, குத்தாம, அமத்தாம அப்பிடியே கொண்டுபோய்க் குடுக்கணும். டிஸ்க் டிக் டிக் எண்டு சத்தம் போட்டா, அதுக்குள்ள கலியாணப் போட்டோ, கடைக் கணக்கு எண்டு வேற பிரதி இல்லாத சாமான் இரிந்தா, அந்த நிமிசமே ஓஃப் பண்ணச் சொல்லுங்க, சொஃப்ட்வெயார் போட்டுத் தோண்டத் தோண்ட மிச்சமும் போயிடும். டிஸ்க்க மாத்துற எந்த வழிகாட்டியிலயும் பைல்கள வேற இடத்துக்கு எடுக்கிறதுதான் முதல் வேல. அது கடைசியில குறிப்பா வரக் கூடாது.

போட்டோவும் எழுத்தும்

வாசிக்கிறவர் போன்லதான் வாசிப்பார், மெஷின் பிரிஞ்சு முன்னுக்குக் கிடக்கும். அதால ஒரு பந்தியில ஒரு வேல. போட்டோ ஜன்னல் வெளிச்சத்துல எடுங்க, ஃப்ளாஷ் போட்டா போர்ட்டுல உள்ள எழுத்து மினுங்கி ஒண்டும் தெரியாது. கழட்டின ஸ்க்ரூவ எந்த இடத்துல இருந்து எடுத்த எண்டு ஒரு தாளுல குத்தி வச்சுப் போட்டோ எடுக்கிறது நல்ல பழக்கம், லெப்டொப் ஸ்க்ரூ நீளம் இடத்துக்கு இடம் மாறும், நீளமானத கட்டையான இடத்துல முறுக்கினா கீபோர்ட் பக்கத்தால வெளிய வரும். உங்கட மெஷின்ட சீரியல் நம்பர், ஸ்க்ரீன்ல உள்ள பேர், ஈமெயில் எல்லாத்தையும் மறைச்சுப் போடுங்க.

விலையும் திகதியும்

விலைய வழிகாட்டிக்கு உள்ளுக்கு எழுதாதீங்க. 2022 மார்ச்சுல 200 ரூபா மட்டத்துல நிண்ட டொலர் மே மாசத்துக்குள்ள 350 தாண்டின நாட்டுல இரிக்கம், அண்டைக்கு எழுதின விலைப்பட்டியல் ஒண்டும் அதுக்குப் பொறகு உதவல்ல. விலை சொல்லியே ஆகணும் எண்டா ஆகக் கடைசியில, எந்த மாசம் எந்த வருசம் பாத்த விலை எண்டு சேத்துப் போடுங்க. எந்த விண்டோஸ்ல பாத்து எழுதினீங்க எண்டதும் தலைப்புக்குக் கீழயே இரிக்கட்டும். வாரண்டி எவ்வளவு காலம், பில்லுல சீரியல் நம்பர் எழுதித் தந்திரிக்கா, ஸ்டிக்கர் கிழிஞ்சா மாத்தித் தருவாங்களா, இந்த மூண்டையும் வாங்கக்குள்ளயே கேக்கச் சொல்லி ஒரு வரி போடுங்க.

வெளியிட முன்ன

எழுதி முடிச்சதும் கொம்பியூட்டர் தெரிஞ்ச கூட்டாளிக்குக் காட்டாதீங்க, அவர் விட்ட இடத்தத் தானே நிரப்பி வாசிச்சிடுவார். மாமியோ மச்சியோ, ஊர்ல டியூஷன் குடுக்கிற ஒரு டீச்சரோ, இதுவரைக்கும் கேஸத் திறக்காத ஒராளுக்கிட்ட போனக் குடுத்து, அவர்ட மெஷின முன்னுக்கு வச்சு செய்யச் சொல்லுங்க. நீங்க பக்கத்துல இரிங்க, வாயத் திறக்க வேணாம், ஆபத்தான இடத்துக்குக் கை போனா மட்டும் புடிச்சிடுங்க. அவர் எந்த வரியில நிமிந்து உங்கட முகத்தப் பாக்கிறாரோ அந்த வரிக்குக் கோடு போடுங்க. "இது எங்க இரிக்கு" எண்டு கேட்டா அங்க ஒரு போட்டோ தேவை. "இதச் செஞ்சா ஒண்டும் ஆகாதா" எண்டு கேட்டா அங்க ஒரு தைரியம் சொல்ற வரி தேவை. அவர் வாசிக்காமத் தாண்டிப் போன பந்தி எண்டா அத வெட்டிடுங்க, நீங்க எவ்வளவு ஆசையா எழுதியிரிந்தாலும். மறுகா அதத் திருத்தி, இன்னொராள வேற மொடல் மெஷினோட ஒருக்கா செய்ய விட்டுப் பாத்து, அதுக்குப் பொறகு போடுங்க.